தை மாசத்துல போங்க, கிழடுகளே

சூப்பர் விசா கைக்கு வந்ததும் என்ட வயசுக்காரர் ஒவ்வொருத்தரா என்னட்ட வாறாங்க. மட்டக்களப்பு எழுவான்கரையில இரிந்து சைக்கிள்ல வாறவரும் இரிக்கார், மண்டூர்ப் பக்கத்தில இரிந்து மிதக்கிற பாதையில ஏறி வாவியக் கடந்து வாறவரும் இரிக்கார். கேள்வி ஒண்டுதான்: "கனடாவுக்கு எந்த மாசம் போனா நல்லம்?"

ஊரெல்லாம் சொல்லுற பதில் உங்களுக்கே தெரியும். வைகாசி, ஆனியில போ. வெயில் இரிக்கும், பூ இரிக்கும், நயாகராவப் பாத்து அதுக்கு முன்னால நிண்டு படம் எடுக்கலாம். மகள்மாரும் அதத்தான் சொல்லுவாங்க. நான் சொல்லுறன், தை மாசத்துல போங்க. மைனஸ் பத்து, மைனஸ் பதினைஞ்சு எண்டு கிடக்கிற நேரமாப் பாத்துப் போங்க.

கிழவனுக்கு அறளை பேந்திற்றெண்டு எழும்பிப் போறவர் போகலாம். இரிக்கிறவர் கேளுங்க.

தாய் தகப்பன்மாருக்கெண்டு 2011 கடைசியில தொடங்கினது இந்தச் சூப்பர் விசா. 2022 ஆடியில இரிந்து ஒரு தரம் போய் இறங்கினா அஞ்சு வருஷம் வரைக்கும் நிக்கலாம் எண்டு கனடாக்காரன் தாராளமாச் சொல்லிற்றான். என்ன, குறைஞ்சது ஒரு லட்சம் டொலருக்கு மருத்துவ இன்சூரன்ஸ் கட்டினாத்தான் உள்ளுக்கு விடுவான். இஞ்ச சந்தியில நம்மட பெறுமதி எவ்வளவெண்டு நமக்குத் தெரியும். அங்க போனா லட்சம் டொலர். அந்த மரியாதைக்காகவாவது ஆறுதலா நிண்டு வரலாம்தானே? எங்கட ஆக்கள் என்ன செய்யிறாங்க? சித்திரையில ஏறுறாங்க, முதல் குளிர் காத்து முகத்தில பட்டதும் ஐப்பசியில ஓடி வந்து இறங்கிறாங்க. வந்து வாசிகசாலையில இரிந்துகொண்டு "அங்க மனிசர் இரிக்கேலாது" எண்டு பேச்சு.

கோடையில டொரொன்டோ ஸ்காபரோவில மகள்ட வீட்டில மனிசர் இரிக்கிறதில்லத்தான். மருமகனுக்கு ரெண்டு வேலை. மகளுக்கு ஒரு வேலையும் அந்த வேலையப் பத்தின முறைப்பாடும். பிள்ளைகளுக்கு நீச்சல், பரதம், தமிழ் வகுப்பு, உதைபந்து. சனி ஞாயிறு எண்டா ஆரோ ஒருத்தர்ட பிள்ளைக்குச் சாமத்திய வீடு, பெரிய மண்டபம், ஹெலிகொப்டர் வராத குறை. நீங்க நடுவீட்டில சோபாவில இரிந்து, நாலு ரிமோட்டில எது டிவிக்குரியதெண்டு தேடிக்கொண்டிரிப்பீங்க. பேரப்பிள்ளையப் பாக்க வைத்தியரப் பாக்கிற போல முன்கூட்டிப் பதிவெடுக்கணும்.

ஸ்னோ கொட்டினாத்தான் அந்தக் குடும்பம் வீட்டில அகப்படும்.

மட்டக்களப்புக்குப் போனா பாயோட ஒட்ட வச்சிருவாங்க எண்டு வடக்கில ஒரு கதை இரிக்கு. எங்கட மருமகன் யாழ்ப்பாணம். கலியாணம் பேசக்குள்ள அவர்ட சொந்தக்காரர் இதச் சொல்லிப் பயப்படுத்தித்தான் அனுப்பினவங்களாம். எங்கட வழக்கப்படி பொம்பிளை வீட்டில வந்து இரிக்கச் சொல்லிருவாங்களோ எண்டு அவருக்கும் ஒரு யோசினை. அந்த மனிசன் கல்லடிப் பாலத்தக் கூட ஒழுங்கா நிண்டு பாக்காம கனடாவுக்குத் தப்பிப் போனவர். கடைசியில அவரப் பிடிச்சு வீட்டோட ஒட்ட வச்சது நாங்க இல்ல, 2022 ஜனவரி 17ஆம் திகதி.

அண்டைக்குத் திங்கக்கிழமை. கொரோனாவால பிள்ளைகள் வீட்டுக்குள்ள கம்பியூட்டருக்கு முன்னால இரிந்து படிச்சு, பள்ளிக்கூடம் திரும்பத் திறக்கிறதா இரிந்த நாள். விடியப்புறத்துக்கு முதலே தொடங்கி, டொரொன்டோவில சில இடங்களில அரை மீற்றருக்கு மேல கொட்டிற்று. கார்டினர் பெருந்தெருவ மூடினாங்க, டொன்வலித் தெருவ மூடினாங்க, பஸ் எல்லாம் நிண்ட நிண்ட இடத்தில புதைஞ்சிற்று. பள்ளிக்கூடம் இல்லையெண்டு அறிவிச்சாங்க. மருமகன் கதவத் திறந்து பாத்தார். கார் நிண்ட இடத்தில வெள்ளையா ஒரு புடைப்புத்தான் இரிந்தது. கதவச் சாத்திப்போட்டு வந்து, "மாமா, தேத்தண்ணி குடிப்பமா?" எண்டு கேட்டார். கலியாணம் கட்டின நாள் தொட்டு அந்த மனிசன் என்னோட இரிந்து தேத்தண்ணி குடிச்சது அண்டைக்குத்தான். அவருக்குக் கதையும் வரும் எண்டு அப்பதான் எனக்குத் தெரியும்.

சரி, இனி வெளிய இறங்கிற வித்தைய சொல்லித் தாறன். சாறனோட இறங்கேலாது. உள்ளுக்கு ஒட்டினாப்போல ஒரு காற்சட்டை, அதுக்கு மேல கம்பளி, அதுக்கு மேல தண்ணி ஊறாத காற்சட்டை. மேலுக்கும் இதே அடுக்கு. பிறகு தொப்பி, கழுத்துக்கு மஃப்ளர், கையுறை, பூட்ஸ். ஒரு தடிச்ச சட்டைய விட மெல்லிசு மெல்லிசா மூணு நாலு போட்டாத்தான் இடையில காத்து நிண்டு சூடு காக்கும் எண்டு மூத்த பேத்தி வகுப்பெடுத்தாள். எனக்கு உடுப்பாட்டி முடிக்கிறதுக்குள்ள மகள் வேர்த்துப்போனாள். எல்லாம் மாட்டி, பட்டியெல்லாம் இறுக்கி, கதவடிக்குப் போன பிறகு "கக்கூசுக்குப் போகணும்" எண்டொரு குரல் வந்தது. சின்னவன் எண்டு நினைச்சிரிப்பீங்க. சின்னவன் பாவம், அவன் முதலே போயிற்று வந்துதான் நிண்டவன்.

இறங்கினதும் நீங்க செய்ய வேண்டிய முதல் வேலை, விழுறது. எப்படியும் விழத்தான் போறீங்க. ஐஸ் கட்டின சீமெந்தில விழுந்தா இடுப்பெலும்பு போயிரும், இன்சூரன்ஸ்காரன்ட லட்சமும் போயிரும். அதால புதுசாக் கொட்டின ஸ்னோ முழங்கால் உயரத்துக்கு நிக்கிற புல்தரையாப் பாத்து, பேரப்பிள்ளைகள் பாக்கிற நேரமாப் பாத்து, தெரியாம விழுற பாவனையில விழுங்க. அதுக்குப் பிறகு நீங்க அவங்கட ஆள். தமிழ் விளங்காத பேரனும் உங்கட பேச்சுக் கேப்பான்.

ஸ்னோமேன் செய்யிறது அடுத்த பாடம். இதில என்ட மனிசிக்கு ஒரு பட்டம் குடுக்கலாம். முதல் நாள் அவ வெளியே வரமாட்டன் எண்டு யன்னலடியில நிண்டவ. பிள்ளைகள் அள்ளி அள்ளி உருட்டுதுகள், உருண்டை நிக்குதில்ல, உதிருது. மனிசி உள்ளுக்குள்ள நிண்டு அந்தரப்படுறா. பிறகொரு நாள் குளிர் குறைஞ்சு, பூச்சியத்தை அண்டி வந்த நேரம், சீலைக்கு மேல மகள்ட ஜக்கட்டக் கொழுவிக்கொண்டு இறங்கினா. ஒரு பிடி அள்ளிப் பொத்திப் பாத்தா. விரிச்சா. கட்டி கட்டியாவும் இல்ல, தூளாவும் இல்ல. "இப்பதான் புட்டுப் பதம் வந்திரிக்கு. அண்டைக்குத் தண்ணி பத்தாது" எண்டா. விஷயம் அவ்வளவுதான். கடுங்குளிரில விழுறதில ஈரம் இல்ல, ஒட்டாது. பூச்சியத்துக்குக் கிட்ட நிக்கக்குள்ளதான் மெல்லிசா ஒரு நீர்ப்பசை வந்து ஒண்டோட ஒண்டு பிடிக்கும். மூத்தவள் போனில தேடிப் பாத்து அதையே சொன்னாள். மனிசி போனைப் பாக்கவுமில்ல, பெருமைப்படவுமில்ல. நான் பட்டன்.

மூணு உருண்டை அடுக்கி, கரட்டால மூக்கு வச்சு, என்ட மஃப்ளரையும் பறிச்சுக் கட்டினாங்க. மனிசி உள்ள போய்த் திருநீறு எடுத்து வந்து நெத்தியில மூணு குறி இழுத்தா. "அம்மம்மா, ஒண்டும் தெரியல்ல" எண்டு சின்னவன். வெள்ளையில வெள்ளை எப்படித் தெரியும்? பிறகு குங்குமப் பொட்டு வச்சுச் சரிக்கட்டினா. பெருத்த வயிறு, நெத்தியில பொட்டு, ஒரு வேலையும் செய்யாம முற்றத்தில நிண்டுகொண்டு போற வாற ஆக்களைப் பாக்கிற நிலை. எங்கட ஊர் வயல்காரப் பெரியவர்போல இரிந்ததால நான் அவருக்குப் போடியார் எண்டு பேர் வச்சன். பக்கத்து வீட்டுச் சீனாக்காரப் பிள்ளையும் "போடியார், போடியார்" எண்டு வந்து சுத்தினதில எனக்குப் பெரிய புளுகம். வயல் இல்லாட்டி என்ன, பேர் கடல் கடந்திற்று.

இனி எச்சரிக்கை. மருமகன் சவலக் கொண்டு வந்து நீட்டுவார். "மாமா, எக்ஸர்சைஸ்" எண்டுவார். வாங்காதீங்க. வேளாண்மை வெட்டின கை, வட்டையில வரம்பு கட்டின கை எண்டு வீரம் பேசாதீங்க. குளிரில ரத்தக்குழாய் சுருங்கும், ஈர ஸ்னோ கல்லுப்போல பாரம், குனிஞ்சு தூக்கக்குள்ள பிறஷர் ஏறும். ஒவ்வொரு வருஷமும் சவலோட விழுந்து மாரடைப்பில போற ஆக்கள் இரிக்காங்க எண்டு அங்கத்த வைத்தியர்மார் வாய் ஓயாமச் சொல்லுறாங்க. அதால சவல ஒரு தரம் பிடிச்சு ஊருக்கு அனுப்பப் படம் எடுங்க. பிறகு திருப்பிக் குடுத்திற்று, எப்படிப் பிடிக்கணும் எண்டு மருமகனுக்கு ஓரத்தில நிண்டு புத்தி சொல்லுங்க. வயசு போனவனுக்கு அந்த வேலை பொருந்தும்.

சவல் எண்டதும் ஒரு கதை. 1999 ஜனவரியில டொரொன்டோவில ஸ்னோ குவிஞ்சு போய், மேயர் மெல் லாஸ்ற்மன் ஆமியக் கூப்பிட்டவர். நூற்றுக்கணக்கில ஆமிக்காரர் வந்து வழி துப்பரவாக்கிக் குடுத்தாங்க. கனடாவில மற்ற ஊர்க்காரன் இண்டைக்கும் இதச் சொல்லி டொரொன்டோக்காரனப் பகிடி பண்ணுவான். மருமகன் வயிறு குலுங்கச் சிரிச்சுச் சொல்லி முடிச்சார். எங்கட ஊருக்கும் ஆமி வந்து கனகாலம் நிண்டது. சவல் கொண்டு வந்த ஞாபகம் எனக்கில்ல.

உப்புக் கதையும் இரிக்கு. இஞ்ச நாம உப்பக் கருவாட்டுக்குப் போடுறம். அவன் லொறி லொறியா றோட்டுக்குப் போடுறான், ஐஸ் உருகட்டும் எண்டு. வீட்டுக்குள்ள வந்தா பூட்ஸெல்லாம் வெள்ளை வெள்ளையாப் பூத்திரிக்கும். மனிசி ஒரு நாள் தொட்டு நாக்கில வச்சுப் பாத்திற்று, "உப்புத்தான்" எண்டு தீர்ப்புச் சொன்னா. மகள் தலையில கை வச்சாள்.

பிள்ளைகள் பலகையில இரிந்து மேட்டால சறுக்குங்கள். நாம சின்னதில தென்னம்மட்டையில ஒருத்தன இரித்தி மற்றவன் இழுத்தத மறந்திற்றீங்களா? இதில மேடு அதிகம், மட்டை பிளாஸ்ரிக், அவ்வளவுதான். 2024 ஜனவரியில டொரொன்டோ நகரசபை 45 மேடுகளில சறுக்கக் கூடாதெண்டு அறிவிப்புப் பலகை நட்டது. மரம் இரிக்கு, கல் இரிக்கு, ஆபத்தாம். அந்த அறிவிப்பு இல்லாத மேடாப் பாத்துப் போங்க. நீங்க சறுக்க வேணாம். கீழ நிண்டு பேரன் வந்து சேர்றபோது ஒவ்வொரு தரமும் புதுசா அதிசயப்படுங்க. அத விட லேசான வேலை உலகத்தில இல்ல. ஆனா போனை ஜக்கட்டுக்குள்ள வைங்க. படம் எடுக்கிறன் எண்டு கையுறையக் கழட்டினா விரல் விறைக்கும், அதிசயமும் தவறிப்போகும்.

இவ்வளவும் கேட்டு, ஸ்னோ இல்லாத மட்டக்களப்பில பிறந்தது பாவம் எண்டு சில பேர் பெருமூச்சு விடுறது எனக்குக் கேக்குது. உங்களுக்குத்தான் அடுத்த அடி.

எங்கட மகள் ஒரு மார்கழியில பிள்ளைகளோட வந்தாள். டொரொன்டோவில மைனஸ் பத்தில "போய் விளையாடுங்க, நல்ல காத்து" எண்டு கதவத் திறந்து தள்ளி விடுற அதே மகள். இஞ்ச இருபத்தஞ்சு பாகை. முற்றத்தில மழை. சின்னவன் ஒரு கால வெளிய வச்சான். "நனையாத! தடிமன் பிடிக்கும்! உள்ள வா!" எண்டு வாவிக்கு அங்கால கேக்கிற குரல்ல கத்தினாள். பொடியன் என்னைப் பாத்தான். அவன்ட கண்ணில இரிந்த கேள்விக்கு என்னட்ட மறுமொழி இல்ல. இஞ்சயே இரிக்கிற இளையவளும் தன்ட பிள்ளைகள மாரி முழுக்க யன்னல் கம்பிக்கு உள்ளதான் வச்சிரிக்காள். கையில ஒரு போன், கால்ல ஒரு சொக்ஸ். மட்டக்களப்பில சொக்ஸ்!

எங்கட வருஷ மழையில பாதிக்கு மேல நவம்பர், டிசம்பர், ஜனவரியிலதான் கொட்டுது. வாவி நிரம்பி வட்டைக்குள்ள ஏறும். பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்தில கோடையில கடல் கட்டின மண்திட்டு வழிய மறிச்சுக் கிடக்கும். வேளாண்மை தாழுது, வெட்டு எண்டு வயல்காரன் நிப்பான். இப்ப வெட்டாத, மீன் போயிரும் எண்டு தோணிக்காரன் நிப்பான். கச்சேரி வரைக்கும் போகும் வழக்கு. கடைசியில வெட்டின உடனே தண்ணி இரைஞ்சுகொண்டு கடலுக்குப் பாயிறது இரிக்கே, அதப் பாக்கிறதுக்கு டிக்கட் இல்ல. பேரப்பிள்ளையக் கூட்டிப் போய்த் தூரத்தில நிண்டு காட்டினவர் உங்களில எத்தினை பேர்? நயாகராவுக்கு மட்டும் மினக்கெட்டுப் போறீங்க.

எங்கட குளிரயும் இளக்காரமா நினைக்காதீங்க. 2022 டிசம்பரில மண்டோஸ் சூறாவளி வங்காள விரிகுடாவால போகக்குள்ள வாடைக் காத்தும் மழையும் சேர்ந்து, வடக்கிலயும் கிழக்கிலயும் ஆயிரத்துக்கு மேல மாடு ஆடு விறைச்சுச் செத்தது. ஸ்னோ விழாத ஊரில குளிரால மாடு சாகும் எண்டு அதுக்கு முதல் ஆர் நினைச்சம்? பட்டி வச்சிரிந்தவன் விடியப்புறம் போய்ப் பாத்துக் குந்தியிரிந்து அழுதான். 1978 நவம்பர் சூறாவளியக் கண்டவன் நான். மாரியப் பத்தி எனக்கு ஒருத்தரும் பாட்டுப் பாடிக் காட்டத் தேவையில்ல. அதால மழையெண்டு கண்டபடி இறங்கச் சொல்லல்ல. இடி மின்னலில வட்டைக்குப் போகாதீங்க. கால்ல புண்ணோட வெள்ளத்தில இறங்கினா எலிக்காய்ச்சல் வரும். வாவி ஏறின நேரம் முதலையும் ஏறும், அது பிள்ளைக்கு நீச்சல் பழக்க வாறதில்ல.

ஆனா இடியில்லாத தூறல் நாள் எத்தினை கிடக்கு? நான் என்ன செஞ்சனெண்டா, மகள் குளிக்கப் போன நேரம் பாத்து ரெண்டு வீட்டுப் பிள்ளைகளையும் பின்வாசலால கிளப்பினன். பாதையில ஏத்தி அங்கால கொண்டு போனன். பலகைத் தட்டில சைக்கிளும் மனிசரும் ஆடும் ஒண்டா நிண்டு நனைஞ்சுகொண்டு மிதக்கிறத டொரொன்டோப் பிள்ளைகள் வாய் பிளந்து பாத்ததுகள். மண்டூர்க் கோயிலில கும்பிட்டிற்று, தெரிஞ்ச ஒருத்தர்ட வாடியில ஒதுங்கினம். அந்த மனிசி மரவள்ளிக்கிழங்கு அவிச்சுச் சம்பலோட வச்சா. உறைப்பில சின்னவனுக்குக் கண்ணால தண்ணி ஓடுது, ஆனா கை நிக்குதில்ல. பச்சை வேளாண்மைக்கு மேல மழை நகர்ந்து வாறத மூத்தவள் பரணில ஏறி நிண்டு பாத்தாள். போன் அவள்ட பையில கிடந்தது, நான் எடுக்கச் சொல்லல்ல, எடுக்க வேணாமெண்டும் சொல்லல்ல.

திரும்பி வர மகள் வாசலில நிண்டாள். கிடைச்ச பேச்ச இஞ்ச எழுதேலாது. ஒருத்தருக்கும் தடிமன் பிடிக்கல்ல. எனக்குப் பிடிச்சது, அத நான் அவளுக்குச் சொல்லல்ல.

கனடாவுக்குப் போற கிழடுகளே, தை மாசத்துல போங்க, சொல்லிற்றன். கனடாவிலயும் சுவிஸிலயும் லண்டனிலயும் இரிக்கிற மகள்மாருக்கும் ஒரு சொல். பள்ளிக்கூட லீவெண்டு ஆடி ஆவணியில வந்து இறங்கி, ஊர் ஒரே வெக்கை எண்டு ஏசி அறைக்குள்ள படுத்துக் கிடந்திற்றுப் போகாதீங்க. கிறிஸ்மஸ் லீவுக்கு வாங்க. டிக்கட் அந்த நேரம் விலை கூடத்தான், எனக்குத் தெரியும். சொக்லேட்டக் குறைச்சு, பிள்ளைகள் நனையிறதுக்கு ரெண்டு சோடி உடுப்பக் கூடப் போட்டுக் கொண்டு வாங்க. குடை கொண்டு வர வேணாம்.